நாசிலின் சத்தம்

சங்ககிரி லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு டீசல் பம்பு கடை. மேசை மேல் நாசில் டெஸ்டர் இருக்கிறது: கையால் அழுத்தும் ஒரு நெம்புகோல், ஒரு பிரஷர் மீட்டர், சின்ன டப்பாவில் டீசல். வாழ்நாளெல்லாம் பம்பு வேலை பார்த்த பெரியவர், பழைய லாரியிலிருந்து கழற்றிய, டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் நாசிலை அதில் மாட்டி மெல்ல அழுத்தினார். முள் 150, 180 என்று ஏறியது. 200 பாரைத் தொட்டதும் 'கிர்ர்' என்றொரு சத்தம். முனையிலிருந்து டீசல் புகைபோலச் சிதறியது. அடுத்த நாசில் 160இலேயே திறந்துகொண்டது. சத்தமில்லை, புகையில்லை. நூல்போல ஒரு கோடு, பிறகு முனையில் தொங்கிய ஒரு சொட்டு.

"சத்தம் வரோணுங்க. ஊமையா இருந்தா அந்த நாசில் ஆகாது" என்றார். அதைப் பிரித்துச் சுத்தம் செய்தார். உள்ளே ஊசியை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் தலையில் ஒரு மெல்லிய ஷிம் வைத்தார். ஷிம்மின் தடிமன் 0.05 மில்லிமீட்டர் கூடினாலே திறக்கும் அழுத்தம் சில பார் ஏறிவிடும். இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்த்தபின் இதுவும் 'கிர்ர்' என்றது.

ஏன் புகைபோல வர வேண்டும்? டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் அழுத்திச் சூடேற்றிய காற்றில் டீசல் தானாகவே தீப்பிடிக்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் இன்ஜினில் எரிபொருள் பாய்வதற்குக் கிடைக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அதற்குள் துளி ஆவியாகி, காற்றோடு கலந்து, எரிந்து முடிய வேண்டும். துளி பெரிதாக இருந்தால் வெளிப்புறம் எரியும், உட்புறம் கரியாகும். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முன்னால் போகும் லாரி கக்கும் கரும்புகையில் இந்த வேகாத துளிகளுக்கும் பங்குண்டு.

துளியைச் சிறிதாக்குவது அழுத்தம். ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இன்ஜினில் எரிபொருளை உள்ளே தள்ள அழுத்தப்பட்ட காற்று தேவைப்பட்டது. அதற்கென்றே தனி கம்ப்ரசர். அந்தப் பாரத்தோடு அது சாலைக்கு வர முடியவில்லை. 1927இல் பாஷ் நிறுவனம் கைக்கு அடக்கமான பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியதும்தான் டீசல் லாரிக்கு வழி பிறந்தது. 1951இல் பெங்களூரில் பாஷின் கூட்டோடு மைக்கோ நிறுவனம் வந்தது. நாமக்கல், திருச்செங்கோடு மெக்கானிக்குகள் வாயில் இன்றும் அந்தப் பம்பு 'மைக்கோ பம்பு'தான்.

பெட்ரோல் கார் வேறு ரகம். அங்கே பொதுவாக 3 பார் போதும். மேட்டூர் அணையில் 100 அடி தண்ணீர் நிற்கும்போது அடித்தரையில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள பல பழைய எம்.பி.எஃப்.ஐ. கார்களில் இதைக் காக்கும் ரெகுலேட்டரில் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும். அதன் மறுமுனை இன்ஜின் காற்று இழுக்கும் இன்டேக் பக்கம் சேரும். வண்டி ஐடிலில் நிற்கும்போது அங்கே உறிஞ்சல் அதிகம். அதனால் ரெகுலேட்டர் அழுத்தத்தை இரண்டரை பார் அளவுக்கு இறக்கிவிடும். குழாயைக் கழற்றினால் முள் 3க்கு ஏறும். இன்ஜெக்டரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. எவ்வளவு அழகான யோசனை!

'பிரஷரைக் கூட்டினால் பவர் கூடுமா?' என்று கேட்காத கார்க்காரர் இல்லை. பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பாரை 4 ஆக்கினால் பெட்ரோல் சுமார் 15 சதவீதம்தான் கூடும். இரு மடங்கு வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். அந்த 15 சதவீதத்தையும் சைலன்சர் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்துவிடும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை இன்ஜினின் கணினியான ஈ.சி.யு. குறைத்துவிடும். பம்பு தேய்ந்தோ ஃபில்டர் அடைத்தோ குறைந்துபோன அழுத்தத்தைச் சரிசெய்தால் பலன் உண்டு. சரியாக இருப்பதைக் கூட்டுவதில் இல்லை.

டீசல் லாரிக்கே திரும்புவோம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்தது. இன்றைய புது லாரிகளில் இருப்பது காமன் ரெயில். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு தடித்த குழாய். அதில் வேகத்தில் ஓடும்போது 1,600, 2,000 பார் என்று டீசல் அடைபட்டிருக்கும். 2,000 பார் என்பது 20 கிலோமீட்டர் ஆழத் தண்ணீரின் கனம். உலகின் ஆழமான மரியானா அகழியே சுமார் 11 கிலோமீட்டர்தான். இங்கே ஸ்பேனருக்கும் ஷிம்முக்கும் வேலையில்லை. ரெயிலில் உள்ள சென்சார் அழுத்தத்தைச் சொல்ல, ஈ.சி.யு. பம்பின் வால்வைத் திறந்து மூடி நொடிக்கு நொடி சரிசெய்கிறது. சென்சாருக்கும் ஈ.சி.யு.வுக்கும் நடுவே ஒரு பெட்டியைச் செருகி, அழுத்தம் குறைவு என்று பொய் சொல்ல வைத்து, அதைக் கூட்டிக்கொள்பவர்களும் உண்டு. அந்தக் கூடுதல் அழுத்தத்தைச் சுமப்பவை பம்பும் இன்ஜெக்டரும்தான். அவற்றின் விலை தெரிந்த லாரி ஓனர் இதற்குச் சம்மதிக்கக் கூடாது.

என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் லூஸ் செய்வது பழைய வழக்கம். காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. மயிரிழைத் தாரையாகப் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. உள்ளே டீசல் தசை வழியே பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் விரலை இழக்க நேரிடலாம். மஞ்சள் பூசிக்கொண்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாத காயம் இது. கசிவைத் தேடுவதானாலும் கையை நீட்டாமல் ஓர் அட்டைத் துண்டை நீட்ட வேண்டும். குழாயைக் கழற்றுவதானால் இன்ஜினை நிறுத்தி, கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, ஸ்கேனரில் ரெயில் பிரஷர் இறங்கியதைப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

அதே கடை வாசலில் அன்று ஒரு ஆறு சிலிண்டர் லாரி உதறிக்கொண்டு நின்றது. பெரியவரின் பேரன் ஸ்கேனரை மாட்டி, இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினான். திரையில் எண்கள் ஓடின. பெரியவர் திரைப் பக்கம் திரும்பவில்லை. முன்சக்கரத்தருகே தலையைச் சாய்த்து நின்றார். முதலாவதை நிறுத்தியதும் இன்ஜின் தடுமாறியது. இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதை நிறுத்தியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இதானுங்க, தம்பி" என்றார்.

"ஆமாங்க தாத்தா, ஸ்கேனரும் மூணுன்னுதான் காட்டுது."

"முதல்ல வண்டியை நிறுத்து. பைப்பு ஆறட்டும்."

அவன் சாவியைத் திருப்பினான்.