ரப்பருக்குள் சிக்கிய காற்று

உயர் அழுத்த மின்கோபுரங்களில் பீங்கானின் இடத்தைச் சிலிகோன் ரப்பர் இன்சுலேட்டர்கள் பிடித்து வருகின்றன. எடை குறைவு, கல்லடி பட்டாலும் உடையாது. அதைவிட அதிசயம் அதன் மேற்பரப்பு. மழைநீர் அதில் படலமாகப் பரவாமல் முத்து முத்தாக உருண்டு விழும். தூசு படிந்துவிட்டாலும், உள்ளிருக்கும் சிறு சிலிகோன் மூலக்கூறுகள் மெல்லக் கசிந்து அந்தத் தூசின் மீதும் படர்கின்றன. பிறகு தூசும் நீரில் நனையாது. இப்படித் தன் தோலைப் பழுது பார்த்துக்கொள்ளும் ரப்பருக்கு, வார்க்கும்போது உள்ளே நேர்ந்த பழுதைச் சரிசெய்யத் தெரியாது.

மின்கம்பியின் பாரத்தைச் சுமப்பது நடுவிலுள்ள கண்ணாடியிழைத் தண்டு. அதை அச்சுக்குள் நிறுத்தி, பெராக்சைடும் அலுமினியம் ஹைட்ராக்சைடுத் தூளும் கலந்த ரப்பரை அழுத்திச் செலுத்துகிறார்கள். ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நிமிடங்களில் அது வெந்து இறுகுகிறது. அதற்குள் அச்சிலிருந்த காற்று முழுக்க வெளியேறியிருக்க வேண்டும். தட்டுத் தட்டான விளிம்புகளின் நுனியிலோ, தண்டை ஒட்டியோ கொஞ்சம் தங்கினாலும் ஆபத்துதான். மின்புலம் ரப்பரில் இருப்பதைவிடக் காற்றுக்குமிழிக்குள் வலுவாக இருக்கும். காற்றின் தாங்கும் திறனோ ரப்பரைவிட மிகக் குறைவு. ஆகவே குமிழிக்குள் நுண்ணிய மின்பொறிகள் ஓயாமல் எழுகின்றன. ஈரமும் புகுந்தால் நைட்ரிக் அமிலம் உண்டாகிறது. அது கண்ணாடியிழைகளை அரிக்க, பல ஆண்டு சுமந்த தண்டு ஒருநாள் பட்டென முறியும்.

தடுக்க வழி உண்டு. அச்சை வெற்றிடமாக்கலாம்; காற்று மட்டும் போய், ரப்பர் போகாத அளவுக்கு மிக மெல்லிய வழிகளும் விடலாம். தண்டில் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் ரப்பர் ஒட்டாது. துடைத்துப் பிரைமர் பூசி, முன்னதாகவே சூடேற்ற வேண்டும். அச்சின் சூட்டைக் கண்டபடி கூட்டி நேரத்தை மிச்சப்படுத்துவதும் வினை. ரப்பர் வெளியே முதலில் இறுகிவிடும். உள்ளே பிறகு சூடேறி விரிவது, அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டில் அதைக் கிழித்துக்கொண்டு வரும்.

தண்டோடு ரப்பர் ஒட்டியிருப்பதை நம்ப, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த சோதனை கடுமையானது. லிட்டருக்கு 1 கிராம் உப்பு கலந்த தண்ணீரில் மாதிரியை 42 மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். பிறகு மைக்ரோவினாடிக்கு 1000 கிலோவோல்ட்டுக்குக் குறையாமல் ஏறும் மின்துடிப்புகள், நேர்முனையில் 25, எதிர்முனையில் 25. ஒவ்வொரு தடவையும் பொறி வெளிக்காற்றில்தான் பாய வேண்டும். ஒரே ஒருமுறை உள்ளே துளைத்தாலும் அந்த வடிவமைப்பு தேறாது.