மலைமேல் கிடைக்கும் கடலடிப் பாறை

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் அகளி என்னும் ஊர் உள்ளது. கடற்கரை அவ்வூருக்கு வெகுதொலைவு. ஆயினும் அகளிக் குன்றின் பாறைகள் பழங்கடல் ஒன்றின் அடித்தளத்தில் பிறந்தவை என்று 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகிறது. அவற்றுள் ஒன்று காப்ரோ.

காப்ரோ தீப்பாறை வகையைச் சேர்ந்தது. புவியின் கவசப்பகுதி ஓரளவு உருகும்போது பாறைக்குழம்பு உண்டாகிறது. அது வெளியே வழிந்து விரைவில் குளிர்ந்தால் பசால்ட் ஆகும்; அதன் படிகங்கள் மிகச் சிறியவை. அதே குழம்பு நிலத்தடியில் தங்கி மெல்லக் குளிர்ந்தால் படிகங்கள் பெரிதாக வளரும், அதுவே காப்ரோ. சர்க்கரைப் பாகை அசைக்காமல் பல நாள் வைத்தால் பெரிய கற்கண்டு விளைவதை இதற்கு ஒப்பிடலாம்.

காப்ரோவில் சிலிக்கா ஏறத்தாழ 45 முதல் 52 விழுக்காடு மட்டுமே உண்டு. கிரானைட்டில் அது 70 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். சிலிக்கா குறைந்த அளவுக்கு இரும்பும் மக்னீசியமும் கால்சியமும் மிகுந்துள்ளன. ஆதலால் காப்ரோ கருநிறமும் மிகுந்த எடையும் கொண்டது. கடைகளில் ‘கருப்பு கிரானைட்’ என விற்கப்படுபவற்றுள் சில உண்மையில் காப்ரோவே.

கடல்தரையின் மேலடுக்கு பசால்ட். அதன் கீழடுக்கு காப்ரோ. புவித்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. இரு நிலப்பகுதிகள் நெருங்கும்போது இடைப்பட்ட கடல்தட்டு கவசத்துக்குள் அமிழ்கிறது. அதன் சிறு துண்டுகள் மட்டும் நிலத்தின்மீது ஏறி எஞ்சுகின்றன. அகளிக் குன்று அத்தகைய எச்சமாகக் கருதப்படுகிறது.

அதன் வயதைச் சிர்க்கான் என்னும் நுண்படிகம் காட்டுகிறது. சிர்க்கானிலுள்ள யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாக மாறும். இரண்டின் அளவையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டதில், வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் எனத் தெரிந்தது. இமயமலையை எழுப்பிய மோதல் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன.

அகளி அமைந்துள்ள பாறைப்பட்டைக்குப் பாலக்காடு–காவிரி மண்டலம் என்று பெயர். கிழக்கே அது கோயம்புத்தூர், நாமக்கல் பகுதிகள் வழியே நீள்கிறது. நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் காப்ரோவுக்கு உறவான அனார்த்தோசைட் கிடைக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான்–2 தரையிறங்கு கலத்தைச் சோதிக்க அதனைப் பொடித்துச் செயற்கை நிலவுமண் செய்தனர்.

ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாப் பெருநிலம் ஒன்றுசேர்ந்தபோது இம்மண்டலம் மீண்டும் நெரிபட்டது. நலிந்த பாறைகள் அரிக்கப்பட்டதே பாலக்காட்டுக் கணவாய் தோன்றக் காரணம் என்பர் ஆய்வாளர் பலர். அதன் வடக்கே நீலகிரி; தெற்கே ஆனைமலை. இடுக்கியின் மூணாறு மலைகள் ஆனைமலையைத் தொடர்ந்தவை.

வாளையாற்றில் கடக்கும் மாநில எல்லை 1956இல் அமைந்தது. அதன் அடியிலுள்ள பாறையோ இருபுறத்துக்கும் பொதுவானது. இத்தகைய குன்று கல்லுடைப்பில் அழியுமானால், மறைந்த கடலுக்கான சான்றும் உடன் அழியும். அதனை மீண்டும் உண்டாக்க இயலாது.

அருஞ்சொற்பொருள்
கவசம் – புவி மேலோட்டின் கீழுள்ள பகுதி
எச்சம் – மிஞ்சிய பகுதி
நலிந்த – வலுவிழந்த

வினாக்கள்
1. பசால்ட்டும் காப்ரோவும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. காப்ரோ கருநிறமாக இருப்பது ஏன்?
3. அகளிக் குன்றைக் காக்க வேண்டியதன் தேவையை ஐந்து வரிகளில் எழுதுக.