இருவருக்கு ஒரு போர்ஷன் தேவை!

"பேச்சிலரா ஸார்?"

"ஆமாங்க. ரெண்டு பேர் இருப்போம்."

"இன்னொருத்தர் எங்க வேலை பார்க்கறாரு?"

"வீட்டு வாசல்லதான்..."

"வாட்ச்மேனா?"

"கிட்டத்தட்ட. நாய் ஸார்."

டொக்! லைன் கட்.

சென்னையில் பேச்சிலருக்கு வீடு கிடைப்பதே குதிரைக் கொம்பு. கூடவே ஒரு வாலும் இருந்தால் கேட்கவே வேண்டாம். என் பார்ட்னர் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ அல்ல; ஆபீஸ் எதிரே டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடைத்த சுத்தமான தெரு ஜாதி. நான் போட்ட அரை போண்டாவுக்கு விசுவாசமாகப் பின்னாலேயே வந்துவிட்டது. ஆகவே பெயர் போண்டா. நிறமும் அதேதான்!

பதினோரு வீடு பார்த்து, பதினோரு 'ஸாரி' வாங்கிய பிறகு புரோக்கர் ஐடியா கொடுத்தார். "நாயைப் பத்தி மூச்சு விடாதீங்க. முதல்ல குடி போயிடுங்க. அப்புறம் பார்த்துக்கலாம்."

மடிப்பாக்கத்தில் மாடி போர்ஷன். ஹவுஸ் ஓனர் அம்மா ரிட்டயர்ட் டீச்சர். அக்ரிமென்ட்டில் ஒன்பதாவது ஷரத்து, 'பிராணிகள் வளர்க்கக் கூடாது'. பி.காம். படித்த அடியேன், தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டைப் பைக்குள் உட்கார்ந்தபடி போண்டா கிரகப்பிரவேசம் செய்தது.

திருடன் வந்தால் போண்டா குரைக்காது. ஆனால் கீழே காஸ் சிலிண்டரை உருட்டினால் தெருவே அதிரும்!

"என்ன தம்பி சத்தம்?"

"மிக்ஸி ரிப்பேர்ம்மா..."

நாற்பது நாள் இப்படியே ஓடியது. நாற்பத்தோராம் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால், டீச்சரம்மா கேட்டருகே நிற்கிறார்கள்.

"தம்பி, உங்க மிக்ஸி மொட்டை மாடிப் படியில உட்கார்ந்திருக்கு. கூட்டிட்டுப் போங்க."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. திட்டுவார்கள் என்று பார்த்தால், திட்டவில்லை. அதைவிட மோசமாக ஒரு கதை சொன்னார்கள்.

முன்னால் குடியிருந்த பையனும் நாய் வைத்திருந்தானாம். வேலை மாற்றல் வந்ததும் சாமான்களை வேனில் ஏற்றினான். நாயை ஏற்றவில்லை. அது அஞ்சு நாள் அதே கேட்டில் உட்கார்ந்திருந்தது. சோறு வைத்தாலும் தொடவில்லை. வேன் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நிற்குமாம். ஆறாவது நாள் காணோம்.

"எனக்கு நாய் பிடிக்காதுன்னு யார் சொன்னா தம்பி? இன்னொரு தடவை அந்த மாதிரி பார்க்க முடியாதுன்னுதான் அந்த ஷரத்து. முதல்லயே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். நீங்க பொய் சொல்லிட்டீங்க. ஒரு மாசத்துல வேற இடம் பார்த்துக்குங்க."

பதில் சொல்ல என்ன இருக்கிறது? அந்த நாயை விட்டுப் போனவனும் என்னை மாதிரி ஒரு ஆபீஸ்காரன்தான். வளர்க்கும் பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது, 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அவனுக்கு அது தெரிந்திருக்காது. வீட்டுக்காரர்கள் 'நோ' சொல்வதற்குப் பின்னால் நம்மைப் போன்ற ஒருவன் செய்துவிட்டுப் போன காரியம் இருக்கிறது என்பது எனக்கும் அதுவரை தெரியாது.

"சட்டம் நம்ம பக்கம்தானே?" என்று ஆபீஸ் நண்பர் உசுப்பேற்றினார். பாதி சரி. குடியிருப்போர் சங்கம் மெஜாரிட்டி ஓட்டே போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடை செய்யக்கூடாது என்கிறது, இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ம் வருட வழிகாட்டுதல். ஆனால் அது சங்கத்துக்குச் சொன்னது. ஓனரோடு நாமே போட்ட கையெழுத்துக்கு அதைக் காட்டித் தப்பிக்க நினைப்பது நியாயமில்லையே பிரதர்!

கிளம்பும் முன் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வாசல் கதவின் உள்பக்கம் முழுக்கக் கீறல். நான் ஆபீஸில் இருந்த ஒன்பது மணி நேரமும் போண்டா என்ன செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி. கதவோடு என் மனசையும் சேர்த்துப் பிறாண்டியது.

எங்கள் காமர்ஸ் பாஷையில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. புழங்கப் புழங்கப் பெயின்ட் மங்கினால் தேய்மானம். நாய் பிறாண்டினால் அது தேய்மானம் இல்லை, சேதாரம். அதற்கு நாம்தான் பொறுப்பு. யாரும் கேட்காமலே ஆசாரியைக் கூப்பிட்டு, இழைத்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். டீச்சரம்மா கதவைத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வீட்டுக்கு வேறு மாதிரி போனேன். முதல் வாக்கியமே, "ஸார், நாய் இருக்கு." பாதிப் பேர் அங்கேயே கதவைச் சாத்தினார்கள். மீதிப் பேரிடம் ஒரு ஃபைலை நீட்டினேன். வருஷா வருஷம் போடும் ரேபிஸ் ஊசிக்கான சான்றிதழ், கருத்தடை செய்த டாக்டர் சீட்டு, மாநகராட்சி லைசென்ஸ், போண்டாவின் போட்டோ. என் பயோடேட்டாவைவிட அதனுடையது வெயிட்டாக இருந்தது!

நங்கநல்லூரில் ஒரு பெரியவர் ஃபைலை முழுசாகப் படித்தார். அக்ரிமென்ட்டில் நானே சில வரிகள் சேர்க்கச் சொன்னேன். நாய் ஒன்றுதான், படியிலும் மாடியிலும் சங்கிலி இல்லாமல் விடமாட்டேன், அசிங்கம் செய்தால் நானே அள்ளுவேன், நாயால் வரும் சேதத்தை அட்வான்ஸில் கழிக்கலாம்.

தமிழ்நாட்டில் 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி பேசிக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். வாயால் "பரவாயில்லை தம்பி" என்றது நாளைக்கு நிற்காது. 'நாய்க்கு அனுமதி உண்டு' என்ற மூன்று வார்த்தை காகிதத்தில் இருக்கட்டும். குடி போகும் அன்றே கதவு, சுவர், தரை எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து ஓனருக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள். பிற்பாடு சண்டை வராது.

நாய் பிரச்னையில் பாதி, தனிமை பிரச்னை. இப்போது காலை அஞ்சரைக்கு வாக்கிங். மத்தியானம் கீழ் வீட்டுக் காலேஜ் பையன் ஒரு ரவுண்டு கூட்டிப் போகிறான். அவனுக்கு பாக்கெட் மணி, எனக்கு நிம்மதி. சினிமா, ஊர் சுற்றல் எல்லாம் குறைந்துவிட்டது. அதற்கு மனசில்லாதவர்கள் தயவுசெய்து அரை போண்டாவைக்கூடப் போடாதீர்கள்!

பெரியவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. போன பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்க வந்தவர் சொன்னார்: "உன் பழைய ஓனரம்மாவுக்கு போன் பண்ணி விசாரிச்சேன்ப்பா."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "என்ன சொன்னாங்க ஸார்?"

"'நாய் ரொம்ப நல்ல நாய். கொண்டு வந்தப்போ பையன் சரியில்லை. போறப்போ சரியாயிட்டான்'னாங்க."