கிடுகு வேண்டாம் என்ற ராத்தாவின் ஹோல்

கொடிகாமம் சந்தையில் வியாபாரம் செய்யும் எங்கள் மச்சான் புதிதாக வீடு கட்டி முடித்திருக்கிறார். கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே, தென்னையும் மாவும் நிற்கும் மணற்காணி. சென்ற விடுமுறையில் இரண்டு நாள் தங்கிவரலாம் என்று போயிருந்தேன். ஸலாம் சொல்லி உள்ளே கால் வைத்ததுமே அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருப்பது புரிந்தது. வீட்டின் முன் ஹோலை எப்படி அலங்கரிப்பது என்பதுதான் வழக்கு.

மருமகள் தன் கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினாள். "மாமா, இதுக்குப் பேர் ட்ரொபிகல் ஸ்டைல்" என்றாள். சுவர் முழுக்க வாழையிலை அச்சிட்ட தாள், பிரம்புக் கதிரைகள், மூலையில் ஒரு பிளாஸ்டிக் பனை, மேலே கிடுகு வேய்ந்தது போன்ற அலங்காரக் கூரை. மச்சானுக்கும் அது பிடித்துவிட்டது. செலவுக்குக் கடன் வாங்கவும் தயாராக இருந்தார். ராத்தா மட்டும் அசையவில்லை.

"என்னத்தை வேணுமெண்டாலும் வையுங்கோ. கிடுகு மட்டும் என்ர வீட்டுக்குள்ள வரக்கூடாது."

மருமகளுக்கு அதன் காரணம் தெரியாது, எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது ராத்தாவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. புத்தளத்து அகதி முகாமில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கிடுகுக் குடில். மாரியில் ஒழுகும், கோடையில் கிடுகு காய்ந்து தூள் தூளாய்ச் சோற்றில் விழும். எட்டு வருடம் அந்தக் கூரையைப் பார்த்தே ராத்தா தூங்கி எழுந்தார். நகரத்துப் பிள்ளைகளுக்கு அழகாகத் தெரியும் பொருள், அதன் கீழ் வாழ வேண்டியிருந்தவருக்கு வேறொன்றாகத் தெரிகிறது. ராத்தாவின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் மச்சானிடம் சொன்னேன்.

ஆனால் வழக்கு அத்துடன் முடியவில்லை. ஹோலில் உட்கார முடியாத வெக்கை. மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி யன்னல், அதுவும் திறக்க முடியாதது. மேலே சீற் கூரை. சுவரின் உச்சியில் காற்றுத் துவாரம் ஒன்றுகூட இல்லை. இந்த அறைக்குள் வாழையிலைத் தாளை ஒட்டினால், வியர்த்துக்கொண்டு வாழையிலையைப் பார்க்கலாம். வேறு என்ன நடக்கும்?

வெப்பவலயம் என்பது கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட பூமி. அதற்குள் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். "ட்ரொபிகல்" என்ற பெயரில் நமக்கு விற்கப்படுகிற அலங்காரமோ பெரும்பாலும் குளிர்நாட்டார் நம்மைப் பற்றிக் கண்ட கனவு. அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் 1949 அளவில் ஒட்டப்பட்ட வாழையிலைச் சுவர்த்தாள் உலகப் பிரசித்தம். நாம் வாழையிலையில் சோறு போடுகிறோம். அவர்கள் அதைச் சுவரில் ஒட்டினார்கள். இப்போது அவர்களைப் பார்த்து நாமும் ஒட்டுகிறோம்!

இந்த நாட்டின் வெயிலையும் மழையையும் உணர்ந்து வீடு கட்டிக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜெப்ரி பாவா (1919–2003). தந்தைவழியில் முஸ்லிம் மரபில் வந்தவர். சட்டம் படித்து வழக்கறிஞரான பின்னர் அதை விட்டுக் கட்டடக் கலைக்கு வந்தார். கோட்டேயில் 1982 இல் திறக்கப்பட்ட பாராளுமன்றம் அவர் வரைந்தது. 2001 இல் ஆகா கான் விருதுக் குழு அவருடைய வாழ்நாள் பணிக்காகச் சிறப்பு விருது வழங்கியது. 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய வீட்டில் நடுவே முற்றம், சுற்றிலும் விறாந்தை, தாழ்ந்த ஓட்டுக் கூரை. உலகம் அதைப் புதுமை என்று கொண்டாடியது.

யாழ்ப்பாணத்தாருக்கு இது கேட்ட கதைதானே? எங்கள் நாற்சார் வீடும் இதே அமைப்புத்தான். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேற, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று அறைகளினூடே உள்ளே வரும். தடித்த சுண்ணாம்புச் சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடும். நீண்டு இறங்கிய தாழ்வாரம் வெயில் சுவரைத் தொடாமல் காக்கும். தென்மராட்சியில் 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் வீடுகள் பெருமளவு இடிந்துபோயின. பிறகு கட்டியவர்கள் பெட்டி போல் கட்டினார்கள். கையில் இருந்த பணத்துக்கு அதுதான் இயன்றது. குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே அலங்காரத்தைக் காற்றிலிருந்து தொடங்குவோம் என்றேன். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது கூரைதான் எதிரி. பின்னேரம் மேற்குச் சுவர் எதிரி. மச்சான் மேசனைக் கூப்பிட்டுச் சுவரின் உச்சியில் துவாரக் கற்களை வைப்பித்தார். கண்ணாடி யன்னலைக் கழற்றித் திறக்கும் மரக்கதவு போட்டார். சீற்றுக்குக் கீழே பலகை அடித்து, இடையில் காற்று ஓட வழி விட்டார். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றுக்குக் குறுக்கே கிடந்த சாமான் அலுமாரி இடம் மாறியது. சுவருக்கு வெள்ளையோடு சேர்ந்த இளம் நிறம். சுவர்த்தாளுக்கும் அலங்காரக் கூரைக்கும் ஒதுக்கிய பணத்தில் பாதிகூட முடியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கடன் என்ற பேச்சும் அடங்கியது.

இருக்கைக்குப் பலாமரம். தென்மராட்சியில் பலாவுக்கு என்ன குறை? புதிதில் மஞ்சளாக இருக்கும் பலாப் பலகை நாளாக நாளாகத் தேன் நிறமாகிப் பின் கபில நிறமாகும். பொலிஷ் அதிகம் வேண்டியதில்லை. இரண்டு வாங்கு, வயதானவர்களுக்கு ஒரு சாய்மனைக் கதிரை. பஞ்சு மெத்தைக் குஷன் வேண்டாம் என்றேன். இந்தப் புழுக்கத்தில் அது வியர்வையையும் தூசியையும் சேர்க்கும். ஆண் விருந்தினர் இருக்கும்போது பெண்கள் தடையின்றி நடமாட, ஹோலுக்கும் உள்வீட்டுக்கும் இடையே தடித்த திரைச்சீலை தொங்கவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அது காற்றையும் மறித்துவிடும். அதற்குப் பதிலாகச் சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி போட்டோம். பார்வை மறைகிறது, காற்று வருகிறது.

செடி விஷயத்தில் மருமகள் சொன்னதே சட்டம். பிளாஸ்டிக் பனை போய்விட்டது. குரோட்டனும் மணிப்பிளான்டும் வந்தன. ஒன்றை மட்டும் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டிலும், மணிப்பிளான்ட் போத்தலிலும் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு தரமாவது ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு அங்கேதான் முட்டையிடும். மாரிகாலத்தில் இதில் அசட்டை கூடாது.

இனி ஓலை. கிடுகு தென்னோலை, ராத்தா வெறுத்தது அதை. பனையோலை பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்பதை மருமகள்தான் கண்டுபிடித்தாள். சந்தைக்குப் போய், சார்வோலையில் சிவப்பும் பச்சையும் சாயமேற்றி இழைத்த நான்கு தடுக்குகளும் ஒரு மூடற்பெட்டியும் வாங்கிவந்தாள். பேரம் பேசாமல் வாங்கினாளாம். சாயம் ஏற்றிய ஓலையை நேர்வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் துடைத்துவர வேண்டும் என்று விற்ற பெண்மணி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ராத்தா அந்தப் பெட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "உம்மாட வெத்திலைப் பெட்டி இப்பிடித்தான் இருந்தது. அண்டைக்கு அதை எடுக்க நேரம் கிடைக்கேல்ல" என்றார்.

நான் புறப்படும்போது பெட்டி வாங்கின் பக்கத்தில், சின்ன மேசையில் இருந்தது. உள்ளே வெற்றிலை இல்லை. மருமகளின் தொலைபேசிச் சார்ஜர்தான் இருந்தது.