கேரவன்ல மதுரை ட்ரிப்: புக் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!

தாம்பரத்துல இருந்து நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து வாடகை கேரவன்ல மதுரை போகணும்னு ஆசையா? தாராளமா போகலாம். ஆனா விளம்பரத்துல போடுற ஒரு நாள் வாடகை பாதிக் கணக்குதான்.

போக வர, ஊர் சுத்த சுமார் 900 கி.மீ. ஆகும். லிட்டருக்கு 9 கி.மீ. ஓடுற வண்டின்னா 100 லிட்டர் டீசல். லிட்டர் 93 ரூபாய்னு வெச்சாலே 9,300 ரூபாய். அதுக்கு மேல டிரைவர் பேட்டா, டோல். 2025 ஆகஸ்ட்ல 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் சொந்த வண்டிக்கு மட்டும்தான்; வாடகை வண்டிக்குச் செல்லாது.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுத்தி இருக்கிற சித்திரை வீதிகள்ல வண்டி விடமாட்டாங்க. கேரவனைத் தள்ளி நிறுத்திட்டு ஆட்டோ பிடிக்கணும். அந்தச் செலவையும் சேருங்க.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி நாலு கேள்வி: டீசல் யார் கணக்கு? ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. வரைக்கும்? ராத்திரி எங்கே நிறுத்தறது? கேன்சல் பண்ணா எவ்வளவு திரும்ப வரும்?

மொத்தத்தை நாலா பிரிங்க. தலைக்கு 9,000 வந்தா, மாசம் 1,500 வீதம் ஆறு மாசம் ஆர்.டி. போட்டுட்டு கிளம்புங்க. கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ல போனா ட்ரிப் ரெண்டு நாள்ல முடிஞ்சிடும், தவணை முடியாது. பட்ஜெட் இடிச்சா? பாண்டியன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்துலயே நிக்குது!