வலப்பக்கமா? இடப்பக்கமா?

ஆகாய விமானப் பயணம் ஒரு காலத்தில் செல்வந்தர்க்கும் உயர் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. மகனின் பணியிடத்தைக் காணச் செல்லும் முதிய பெற்றோரும், விடுமுறைக்கு வடநாடு செல்லும் குடும்பத்தாரும் விமானம் ஏறுகின்றனர். ஆயினும் அவர்களுள் பலர், கண்கொள்ளாக் காட்சி ஒரு பக்கம் விரிந்து கிடக்க, மறுபக்கச் சன்னலருகே அமர்ந்து வெறும் வானத்தையே பார்த்துத் திரும்புகின்றனர். பலருக்கு இத்தகைய பயணம் வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும். ஆதலால் இருக்கையைத் தேர்ந்தெடுக்குமுன் சிறிது நேரம் நிலப்படத்தை நோக்குதல் நன்று.

தில்லியிலிருந்து நேபாளத் தலைநகரான காத்மாண்டுவுக்குச் செல்லும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழக் கிழக்கு நோக்கிப் பறக்கிறது. உதிக்கும் ஞாயிற்றை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு என்று தொடக்கப் பள்ளியில் கற்றோமல்லவா? அப்பாடமே இங்கு வழிகாட்டி. இமயம் வடக்கே இருப்பதால், இடப்பக்கம் அமர்ந்தவர்க்கே அதன் காட்சி கிட்டும். வானம் தெளிந்திருப்பின் 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரியும், 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவும், 8,163 மீட்டர் உயரமுள்ள மனாஸ்லுவும் வரிசையாய்த் தோன்றும். டார்ஜிலிங் செல்வதற்காகத் தில்லியிலிருந்து பாக்டோக்ராவுக்குப் பறப்போரும் இடப்பக்கமே அமர வேண்டும். எவரெஸ்டும் கஞ்சன்ஜங்காவும் அப்பக்கத்திலேயே உள்ளன. திரும்பி வருகையிலோ வலப்பக்கம். போகும்போது இடம், வரும்போது வலம் என்று நினைவிற்கொள்க.

அடுத்துக் கருத வேண்டியது வெயில். குளிர்காலத்தில் கதிரவன் தென்பால் சாய்ந்து செல்வதால், வடபுறச் சன்னலில் கண் கூசாது. மலைகளின் தென்முகமும் ஒளி பெற்று விளங்கும். வடக்கு நோக்கிப் பறக்கும் விமானத்திலோ, காலையில் வலப்பக்கமும் மாலையில் இடப்பக்கமும் வெயில் தாக்கும். காலத்தையும் நோக்குக. சூன் முதல் செப்டம்பர் வரை மழைமேகம் இமயத்தை மறைத்துவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களே ஏற்றவை. பிற்பகலில் மேகம் திரளக்கூடுமாதலால் காலை விமானம் சிறந்தது.

பக்கம் சரியாயிருந்தும் இறக்கைக்கு நேரே அமர்ந்தால் கீழே உள்ள நிலம் தெரியாது. இறக்கைக்குப் பின்னாலோ, இயந்திரத்தின் வெப்பக் காற்றினால் காட்சி நடுங்குவதுபோல் தோன்றலாம். ஆகவே இறக்கைக்கு முன்னுள்ள வரிசையே நலம். பக்கத்திற்கு மூன்று இருக்கைகள் கொண்ட விமானங்களில் பொதுவாக 'ஏ' எழுத்து இடப்பக்கச் சன்னலையும், 'எஃப்' எழுத்து வலப்பக்கச் சன்னலையும் குறிக்கும். சில வரிசைகளில் சன்னலிருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவரே இருப்பதுண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. இருக்கையைத் தேர்ந்துகொள்ளத் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் பல. எல்லாருக்கும் செலுத்த இயலாதெனில் ஒரு சன்னலுக்கேனும் செலுத்தலாம்.

இனி எழும் கேள்வியே முக்கியமானது. சன்னல் ஒன்று, அமர்வோர் மூவர். அது யாருக்கு? படம் பிடிப்பதற்கென்று குடும்பத் தலைவரே அதைப் பற்றிக்கொண்டால், அருகிலுள்ள முதிய தாய்க்கு அவருடைய தோள்தான் தெரியும். "அம்மாவுக்கு இதிலெல்லாம் என்ன விருப்பம்?" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அடிக்கடி எழுந்து செல்ல வேண்டியவர் நடைபாதை ஓரத்தையே விரும்பலாம். எனினும் அவரைக் கேட்டறிவதன்றோ முறை? பட்டையை அவிழ்க்கலாமென்ற விளக்குக் குறிப்பு வந்தபின், பிள்ளையும் பாட்டியும் இடம் மாறி அமரலாம். முந்தின இரவே நிலப்படத்தை விரித்துச் சிகரங்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். மறுநாள் அவர்கள் அவற்றைப் பாட்டிக்குச் சுட்டிக்காட்டுவார்கள்.

மேகம் மறைக்கலாம், விமானி வழி மாறிச் செல்லவும் நேரலாம். அவை நம் கையில் இல்லை. சரியான பக்கத்தைத் தேர்வதும், அச்சன்னலைப் பகிர்ந்துகொள்வதும் நம் கையிலேயே உள்ளன.