கொடையாளர் பெண்ணாக இருக்கும்போது

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்ததாகப் பதிவான 36,640 உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைகளில் 29,695 சிகிச்சைகள் ஆண்களுக்கும் 6,945 சிகிச்சைகள் பெண்களுக்கும் செய்யப்பட்டன என்கிறது தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பின் கணக்கு. உறுப்பைப் பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். கொடுத்தவர்களின் பக்கம் திரும்பினால் படம் தலைகீழாகிறது. 2023ஆம் ஆண்டில் உயிருடன் இருக்கும்போதே உறுப்பு அளித்தவர்களில் ஏறத்தாழ 63 சதவீதத்தினர் பெண்கள். அதே ஆண்டில் மூளைச்சாவு அடைந்து, குடும்பத்தாரின் சம்மதத்துடன் உறுப்பு எடுக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் ஆண்களாக இருந்ததற்குச் சாலை விபத்திலும் தலைக்காயத்திலும் ஆண்களே மிகுதியாக இறப்பது முக்கியக் காரணம். அந்தக் கொடையில் கொடுப்பவரின் விருப்பு வெறுப்புக்கு வேலையில்லை. உயிருள்ளவர் ஒருவர் தாமாக முன்வந்து கொடுக்க வேண்டிய இடத்தில்தான், அதாவது மறுக்கவும் வாய்ப்புள்ள இடத்தில்தான், பெண்களின் எண்ணிக்கை கூடுகிறது.

பெண்களின் தன்னலமறுப்பைப் பற்றிப் பேசும்போது சமையலறையும் பிள்ளை வளர்ப்பும் முதியோர் பராமரிப்புமே எடுத்துக்காட்டாக வருவது வழக்கம் என்றாலும், அவை அன்றாடத்தில் கரைந்து கிடப்பதால் எங்கே விருப்பம் முடிகிறது, எங்கே கட்டாயம் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுவது கடினம். சிறுநீரகக் கொடையில் அப்படி இல்லை. அங்கே சட்டம் இருக்கிறது, கையெழுத்திட வேண்டிய படிவம் இருக்கிறது, “உங்களுக்கு முழுச் சம்மதமா” என்று கேட்பதற்கென்றே அதிகாரி ஒருவர் அமர்ந்திருக்கிறார். அப்படியிருந்தும் ஒரு பெண்ணால் “முடியாது” என்று சொல்ல இயலாமல் போகிறது என்றால், கேட்பாரே இல்லாத மற்ற இடங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு வீட்டில் யாருக்காவது சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டால், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவுக்கு, இயந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் தொடங்குகிறது; வேலை போகிறது, கடன் ஏறுகிறது, மாற்றுச் சிறுநீரகம் ஒன்றே வழி என்று மருத்துவர் சொல்கிறார். அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு கழித்தல் கணக்கு சத்தமில்லாமல் நடக்கிறது. அண்ணன் தம்பிகள் சம்பாதிக்கிறவர்கள், அவர்கள் படுத்துவிட்டால் இரண்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று முதலில் விலக்கப்படுகிறார்கள். திருமணமான சகோதரி முன்வந்தாலும் அவளுடைய புகுந்த வீடு ஒப்பாது. மணமாகாத மகளுக்கு வயிற்றில் தழும்பு இருந்தால் வரன் அமையாது என்று அவளும் விடப்படுகிறாள். இந்த இரண்டு மறுப்புகளுமே அந்தப் பெண்களைக் காப்பாற்றுகின்றன என்றாலும் இரண்டுமே அவர்களுடைய வாயிலிருந்து வந்தவை அல்ல. ஒன்று கணவன் வீட்டின் மறுப்பு, மற்றொன்று இன்னும் வராத கணவனுக்காகச் சொல்லப்படும் மறுப்பு. கடைசியில் மிஞ்சுபவர்கள் தாயும் மனைவியும். அவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை, மிரட்டுவதில்லை. எல்லோரும் அவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்படிச் சொல்வது எல்லாப் பழியையும் குடும்பத்தின் மீது போடுவதாகிவிடக் கூடாது, ஏனெனில் உடலியல் காரணங்களும் இதில் உண்டு. கருவுற்ற காலத்தில், குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற திசு அடையாளங்களுக்கு எதிரான நோய் எதிர்ப்புப் பொருள்கள் தாயின் ரத்தத்தில் உருவாகக்கூடும் என்பதால், பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குக் கணவனின் சிறுநீரகம் பொருந்தாமல் போகும் வாய்ப்பு, அவளுடைய சிறுநீரகம் கணவனுக்குப் பொருந்தாமல் போகும் வாய்ப்பைவிட அதிகம். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், குடிப்பழக்கம் போன்ற காரணங்களால் மருத்துவர்களே விலக்கிவிடும் ஆண்களும் பலர். ஆனால் ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தை விளக்கிவிட இவை போதா. நோயாளி பெண்ணாக இருக்கும்போது நடப்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். உறுப்பு மாற்றுப் பிரிவுகளில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் ஒரு நிலை உண்டு: மகனோ மகளோ கொடுக்கத் தயாராக இருந்தும், “எனக்கு எதற்கு இனிமேல், வாழ வேண்டிய பிள்ளை” என்று தாய் அதை ஏற்க மறுத்துவிடுகிறாள். கொடுப்பதற்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவளுக்குப் பெறுவதற்கு வேண்டாம் என்று சொல்ல நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆகவே குறை பேச்சில் இல்லை, எந்த மறுப்புக்கு வீட்டில் மரியாதை கிடைக்கும் என்பதை அவள் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கற்றலைப் பற்றிப் பொருளியல் அறிஞர்களிடையே குறிப்பிடத்தக்க ஒரு விவாதம் நடந்தது. குடும்பம் என்பது ஒத்துழைப்பும் முரண்பாடும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடம் என்று 1990இல் வெளியான தம் கட்டுரையில் விளக்கிய அமர்த்தியா சென், குடும்ப நலனிலிருந்து பிரித்துத் தனக்கென்று ஒரு நலன் இருப்பதாகவே ஒரு பெண் உணராமல் இருக்கக்கூடும் என்றும், அந்த உணர்வின்மையே பங்கீட்டில் அவளைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்றும் வாதிட்டார். 1997இல் இதற்கு மறுமொழி எழுதிய பீனா அகர்வால், பெண்களுக்குத் தம் நலன் எது என்பது நன்றாகவே தெரியும், வீட்டை விட்டு வெளியே வந்தால் நிற்க ஓரிடம் இல்லாததால் அதை வெளிப்படையாகக் கோராமல் உறவுகளில் முதலீடு செய்கிறார்கள், அந்த நடத்தையைப் பார்ப்பவர்கள் தியாகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். சிறுநீரகம் கொடுக்கும் மனைவியின் நிலைக்கு இரண்டில் அகர்வாலின் விளக்கமே கூடுதலாகப் பொருந்துகிறது. சொத்தில் பெயரில்லாத, தனி வருமானமில்லாத ஒரு பெண்ணுக்குக் கணவனின் உயிர் என்பது அன்போடு சேர்த்து வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊரில் கிடைக்கும் மதிப்பு எல்லாமும்தான். தாலி நிலைக்க வேண்டும் என்று அவள் சொல்லும்போது பக்தியும் கணக்கும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. அந்தக் கணக்கைக் குறைத்து மதிப்பிடுவது அவளுடைய அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கசப்பான முன்வரலாறு உண்டு. உறுப்பு விற்பனையைத் தடை செய்யும் சட்டம் 1994இல் நிறைவேறுவதற்கு முன்பும், திருட்டுத்தனமாக அதன் பின்பும், சென்னையின் வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்றவர்கள் பெருகியதால் அப்பகுதிக்கு “கிட்னிவாக்கம்” என்றே பெயர் வந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தி 2002இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, 96 சதவீதத்தினர் கடனை அடைக்கவே விற்றார்கள். விற்ற பிறகு அவர்களின் சராசரிக் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனாளிகளாகவே இருந்தார்கள். விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவர் ஏன் விற்கவில்லை என்பதற்கு, அவர் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியவர், அல்லது அவர் உடல்நலம் சரியில்லாதவர் என்ற விடைகளே முன்னின்றன. சென்னையில் சிறுநீரகம் விற்ற பெண்களிடம் பேசிய அமெரிக்க மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன், அவர்கள் முன்பே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்பதைக் கவனித்து, குடும்பத்தின் தேவைக்காக உடலை ஒரு முறை கத்திக்குக் கொடுத்துப் பழகியவர்களிடம் இரண்டாவது முறை கேட்பது எளிதாகிறது என்ற கருத்தை முன்வைத்தார். ஆண்களுக்கான கருத்தடை, பெண்களுக்கானதைவிட எளியதும் தையல் குறைந்ததுமாகும். இருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டிருக்க, கணவர் அதைச் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம் மட்டுமே.

சட்டம் இவற்றை அறியாமல் இல்லை. 2014ஆம் ஆண்டின் விதிகளில், கொடையாளர் பெண்ணாக இருந்தால் கூடுதல் முன்னெச்சரிக்கை தேவை என்றும், அவரது அடையாளத்தையும் சுதந்திரமான சம்மதத்தையும் உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினர் என்கிறது. மருமகளும் நாத்தனாரும் அந்தப் பட்டியலில் இல்லாததால் அவர்கள் கொடுக்க முன்வந்தால் அங்கீகாரக் குழு என்னும் தனிக் குழுவின் முன் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் உறுதிப்படுத்தும் அந்த வேறொருவர் அவளுடைய மாமனாராகவோ மைத்துனராகவோ இருந்தாலும் விதியின் வாசகம் நிறைவேறிவிடும் என்பது அதன் பெரிய ஓட்டை. மேலும், இந்தச் சோதனைகள் பெரும்பாலும் பணம் கைமாறுகிறதா என்பதைத் தேடுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. பணம் இல்லாவிட்டால் பாசம் என்று சட்டம் முடிவுக்கு வந்துவிடுகிறது. பாசத்தின் பெயரால் வரும் நெருக்குதலை அளக்க அதனிடம் கருவி கிடையாது.

பிற நாடுகள் இதற்குக் கண்ட வழிகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. முதலாவது, கொடையாளரைத் தனியே கேட்க ஒருவரை அமர்த்துவது: பிரிட்டனில் மருத்துவமனையின் சிகிச்சைக் குழுவைச் சேராத மதிப்பீட்டாளர் ஒருவர் கொடுப்பவரையும் பெறுபவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சந்திக்கிறார். அமெரிக்காவில் கொடையாளரின் நலனை மட்டுமே பார்க்கும் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது 2007 முதல் கட்டாயம். இரண்டாவது வழி எழுதப்படாதது. தனியறையில் ஒரு பெண் “எனக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம்” என்று சொல்லிவிட்டால், மருத்துவர் வெளியே வந்து குடும்பத்தாரிடம் “இவர் கொடையாளராக இருக்கத் தகுதியில்லை” என்று மட்டும் அறிவித்துவிடுவது. இது பொய்யாகாதா என்று மருத்துவ அறவியலாளர்கள் நெடுநாளாக வாதிட்டுவருகிறார்கள்; மனம் ஒப்பாதவர் தகுதியற்றவர்தான் என்பதால் அது உண்மையே என்று கூறுவோரின் வாதம் வலுவானது. தன் மறுப்பை ரத்தப் பரிசோதனையின் மறுப்பாக வேடமிட்டு அனுப்ப வேண்டியிருப்பது எந்தப் பெண்ணுக்கும் பெருமையல்ல என்றாலும், இருபது ஆண்டுகள் அதே வீட்டில் அதே முகங்களுக்கு நடுவே வாழப்போகிறவளுக்கு அந்த வேடம் தேவைப்படுகிறது.

அந்த ஒதுங்கிடமும் இப்போது சுருங்கிவருகிறது. முன்பெல்லாம் ரத்தப் பிரிவு சேரவில்லை என்ற ஒரு வரி பலரை விடுவித்தது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒரு குடும்பத்தின் கொடையாளர் மற்றொரு குடும்பத்தின் நோயாளிக்கும், அவர்களுடைய கொடையாளர் இவர்களுடைய நோயாளிக்கும் கொடுத்துக்கொள்ளும் பரிமாற்றக் கொடை சட்டப்படி செல்லும். ரத்தப் பிரிவு வேறுபட்டாலும் மருந்துகளின் துணையோடு பொருத்தும் முறையும் வந்துவிட்டது. உயிர்களைக் காப்பாற்றும் இந்த முன்னேற்றங்கள், அதே வேளையில், தப்புவதற்கிருந்த இயற்கையான சாக்கையும் எடுத்துக்கொண்டுவிட்டன என்பதைப் பாராட்டுரைகளில் யாரும் குறிப்பிடுவதில்லை.

விரும்பிக் கொடுப்பவர்கள் ஏராளம் என்பதையும், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பெரும்பான்மையான கொடையாளர்கள் மீண்டும் வாய்ப்பு வந்தாலும் கொடுப்போம் என்றே சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு சிறுநீரகத்தோடு நலமாக வாழ முடியும். மீதமுள்ள சிறுநீரகம் சற்றுப் பெருத்து வேலையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஆபத்து அறவே இல்லை என்று சொல்வது தவறு. கனடாவில் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கொடையளித்த பின் கருவுற்ற பெண்களில் 11 சதவீதத்தினருக்குக் கர்ப்பகால ரத்தக் கொதிப்போ அதன் முற்றிய நிலையோ வந்தது. கொடையளிக்காத, அவர்களை ஒத்த பெண்களில் இது 5 சதவீதம். இளம் மனைவியரிடம் இதை எடுத்துச் சொல்லும் கடமை மருத்துவமனைக்கு உண்டு. அறுவைக்குப் பின் சில வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது என்ற அறிவுரையோடு அவள் அனுப்பப்படும் வீட்டில், இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் அந்த வாரங்களில் யார் தூக்குவார்கள் என்பதைச் சம்மதப் படிவம் கேட்பதில்லை.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை முறைப்படி பகிரும் திட்டத்தை 2008இலேயே தொடங்கி, இந்தியாவில் அத்துறையில் முன்னணியில் நிற்கும் மாநிலம் தமிழ்நாடு. அந்தக் கொடை வளரும் அளவுக்கு மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை குறையும். சிறுநீரகம் பழுதடைந்த ஒருவர் உள்ள குடும்பங்கள், உறவினரின் ரத்தப் பிரிவைக் கேட்கும் முன், மருத்துவமனை மூலமாக நோயாளியின் பெயரை மாநிலக் காத்திருப்புப் பட்டியலில் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனைகள், உறவினர் எவரும் இல்லாத அறையில், பொருத்தப் பரிசோதனைகளுக்குப் பின் அல்ல, முன்பே, அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும். பொருந்திவிட்டது என்ற செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கேட்கப்படும் சம்மதத்துக்கு மதிப்பில்லை.